வியாழக்கிழமை பிளக்

ஜூன் 3, செவ்வாய்

பொள்ளாச்சியில் வாங்கி வண்டியில் போட்ட புது பிளக் மூன்றும் உதவாது என்று இன்று தெரிந்துவிட்டது. மலை ஏறி வரும்போது பாதி வழியில் வண்டி குலுங்க ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் முன்னே போவதற்குப் பதிலாக விக்கியது. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

வீட்டுக்காரர் பக்கத்து சீட்டில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். டயாலிசிஸ் முடிந்து வரும் நாளில் அவர் வாயைத் திறப்பதே அபூர்வம். கண்ணைத் திறக்காமலே, "மூணுல ஒண்ணு வேலை செய்யல. ரெண்டுலதான் இழுக்குது. ஃபர்ஸ்ட்ல போட்டு மெதுவா ஏத்து" என்றார். முப்பது வருஷம் எஸ்டேட் லாரி ஓட்டியவர். கிட்னி இரண்டும் போன பிறகும் காது போகவில்லை.

இங்கே மலையில் டயாலிசிஸுக்கு இடம் கிடைக்கவில்லை, பொள்ளாச்சியில்தான் கிடைத்தது. செவ்வாயும் வெள்ளியும் போகிறோம். ஆரம்பத்தில் பஸ்ஸில் போய்ப் பார்த்தோம். கொண்டை ஊசி வளைவுகளில் அவர் மயங்கி என் மடியில் விழுந்த அன்று, இனி நானே ஓட்டுவது என்று முடிவு செய்தேன். ஐம்பத்திரண்டு வயதில் லைசென்ஸ். அவர்தான் சொல்லிக்கொடுத்தார். அந்த இரண்டு மாதமும் எங்கள் வீட்டில் சண்டையைத் தவிர வேறு பேச்சு கிடையாது.

அவர் மிஷினில் இருந்தபோது நானே கடைக்குப் போய், "மாருதி எண்ணூறுக்கு பிளக்" என்று கேட்டு வாங்கினேன். "இது எல்லா வண்டிக்கும் ஆகும்மா" என்றான் கடைக்காரன். எல்லோருக்கும் ஆகிற செருப்பை யாராவது வாங்குவார்களா. நான் வாங்கியிருக்கிறேன்.

ஜூன் 5, வியாழன்

மதியம் தபால் நிலையத்தைப் பூட்டிவிட்டு வந்தபோது பிளக் மூன்றையும் கழற்றி அடுப்பு மேடையில் செய்தித்தாள் விரித்து வரிசையாக வைத்திருந்தார். மூன்றின் முனையும் அடுப்புக்கரி பூசினது போல இருந்தது.

"என்ன நம்பர் வாங்கின?"

"நம்பரெல்லாம் எனக்கெப்படித் தெரியும்?"

"ஏழு குடுத்திருக்கான். நமக்கு அஞ்சு வேணும்."

பிளக்கில் சூடு, குளிர்ச்சி என்று இரண்டு உண்டாம். இந்தக் கம்பெனியில் நம்பர் ஏற ஏற குளிர்ச்சி. வேகமாகப் போகிற வண்டிக்குக் குளிர்ந்த பிளக், இல்லாவிட்டால் முனை உருகிவிடும். எங்களைப்போல் பனியில் முதல் கியரிலும் இரண்டாவதிலும் ஊர்கிற வண்டிக்குச் சூடான பிளக். தன் மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ள வேண்டும், அதற்கு அந்தச் சூடு போதாமல் போனால் இப்படித்தான் கறுக்கும் என்றார். நான் ஓட்டும் வேகத்தைத்தான் இப்படிச் சுற்றிவளைத்துச் சொல்கிறார் என்று புரிந்தது.

பிறகு இடைவெளி. பிளக்கின் நடுமுனைக்கும் அதன் மேல் வளைந்து நிற்கும் கொம்புக்கும் நடுவில் பொறி தாண்ட வேண்டும். இந்த வண்டிக்கு முப்பது தௌ. தௌ என்றால் ஒரு அங்குலத்தை ஆயிரமாகப் போட்டதில் ஒன்று. இடைவெளி குறைந்தால் பொறி சின்னதாகும். கூடினால் சமதரையில் ஒன்றும் தெரியாது, ஏற்றத்தில் இன்ஜின் திணறும்போது பொறி தாண்டாமல் விட்டுவிடும். அளக்க ஃபீலர் கேஜ் என்று ஒன்று வைத்திருக்கிறார். விசிறி போல விரியும் மெல்லிய தகடுகள், ஒவ்வொன்றிலும் ஒரு எண். முப்பது என்று போட்ட தகடு உள்ளே போக வேண்டும், ஆனால் சும்மா போகக்கூடாது, லேசாக உரச வேண்டும். கூடுதலாக இருந்தால் கொம்பைக் கல்லில் மெதுவாகத் தட்டுகிறார். குறைந்தால் சின்ன குறட்டால் தூக்குகிறார்.

"கழுதை மாதிரி ஸ்பேனரப் போட்டு முறுக்காத. முதல்ல விரலால சுத்தி உள்ள விடணும். விரலுக்கு எங்க நிக்குதோ, அதுக்கப்புறம் கால் சுத்துதான் ஸ்பேனர். இன்ஜின் தலை அலுமினியம், துளைக்குள்ள இருக்கற மரை போச்சுன்னா போச்சு" என்றார்.

ஜூன் மாத ஈரத்தில் பிளக் வண்டியில் இருந்தால் காலையில் கிளம்பாது. அதனால் முதல் நாள் மாலையே கழற்றி, துடைத்து, அளந்து, பிஸ்கட் டப்பாவில் போட்டு அடுப்புப் பக்கத்தில் வைத்துவிடுவார். விடியற்காலையில் அவரால் குனிய முடியாது, மாட்டுவது என் வேலை. லாரி ஷெட்டில் மழைக்காலத்தில் எல்லோரும் இப்படித்தான் செய்வார்களாம். வீட்டில் அவர் செய்கிற ஒரே வேலை இப்போது இதுதான். செய்யட்டும் என்று விட்டிருக்கிறேன்.

ஜூன் 6, வெள்ளி

நேற்று மாலையே டவுனில் ஷாஜியின் ஒர்க்‌ஷாப்பில் ஐந்தாம் நம்பர் வாங்கி வந்து போட்டாயிற்று. வண்டி பறந்தது.

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு வாரத்துக்கு இரண்டு போதாது, மூன்றாக்க வேண்டும் என்றார். செவ்வாய், வியாழன், சனி. சரி என்றேன். தபால் நிலையத்துக்குப் பதிலாள் ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

வரும் வழியில் அவர், "செலின், ரெண்டே போதும்னு தோணுது" என்றார்.

"அந்தப் பேச்சே வேண்டாம்" என்றேன். அதோடு விட்டுவிட்டார். நல்ல வேளை.

ஜூன் 12, வியாழன்

முதல் வியாழக்கிழமை. போய் வந்தோம். மழை. கால் நரம்பு இழுத்துக்கொண்டு மிஷினிலேயே கத்திவிட்டாராம், நர்ஸ் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

பூசைக்கு நான் மட்டும் போனேன். அவருக்கு எழுந்திருக்கவே முடியவில்லை. கோயிலில் பாடல் குழுவில் அவருடைய கட்டைக் குரல் இல்லாமல் எல்லாம் மேலேயே பறந்துகொண்டிருந்தது. ஃபாதர் கேட்டார். உடம்புக்கு நல்லாகிக்கொண்டு வருகிறது என்றேன்.

ஜூன் 19, வியாழன்

போக முடியவில்லை. ரொட்டிக்கடை ஊரைத் தாண்டி ஏற்றம் ஆரம்பித்ததுமே வண்டி விக்கத் தொடங்கியது. காவர்கல் மேட்டில் கண்ணுக்கெதிரே கையை நீட்டினால் தெரியாத பனி இருக்கும், அங்கே நின்றுவிட்டால் யானையைத்தான் துணைக்குக் கூப்பிட வேண்டும். "திருப்பிடு" என்றார் அவர். ஏற்றம் தொடங்கும் இடத்தில் டீக்கடைக்கு எதிரே அகலமான இடம் இருக்கிறது, லாரி திரும்புகிற இடம். திருப்பினேன். இறக்கத்தில் வண்டி ஒரு குறையும் இல்லாமல் வந்தது.

"டிஸ்ட்ரிபியூட்டர்ல ஈரம் ஏறியிருக்கும்" என்றார். வீட்டுக்கு வந்து, பிளக்குகளுக்குக் கரண்ட் பிரித்து அனுப்பும் அதன் மூடியைக் கழற்றித் துடைத்தேன். ஈரமாகத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரிக்கு போன் போட்டால் அன்றைக்கு வேறு நேரம் இல்லை, சனிக்கிழமை வாங்க என்றார்கள். நான் போனை வைக்காமல் இன்னொரு தடவை கேட்டுப் பார்த்தேன். அவருக்கு ஒன்றுமில்லை. குளித்தார், இரண்டு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், குடையை எடுத்துக்கொண்டு லாரி ஷெட்டுக்குப் போனார். மாலை சட்டை முழுக்க கிரீஸோடு வந்தார். புது டிரைவர் பையனுக்கு லாரியை ரிவர்ஸ் எடுக்கத் தெரியவில்லை என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். வண்டி கெட்டதில் அவருக்குத் துளி வருத்தமும் இல்லை.

ஜூன் 21, சனி

வண்டி நன்றாக ஓடியது, அதுவே ஆச்சரியம். அவருக்குக் கால் வீங்கி, மூச்சு வாங்கியது. எடை கூடியிருந்தது. நர்ஸ் என்னைத்தான் திட்டினாள். "ஒரு தடவ விட்டாலும் டேஞ்சர்மா. தண்ணி நுரையீரலுக்குப் போயிடும்." வண்டி கெட்டுப் போச்சு என்றேன். வேறு வண்டி பிடிக்க வேண்டியதுதானே என்றாள். விடியற்காலை ஐந்து மணி மழையில் எங்கள் எஸ்டேட்டில் வந்து நிற்க வேறு வண்டி எங்கே இருக்கிறது என்று அவளிடம் கேட்கவில்லை.

ஜூன் 26, வியாழன்

மறுபடி அதே ஏற்றம், அதே விக்கல், அதே டீக்கடை முன்னால் திருப்பல். செவ்வாய்க்கிழமை ஒரு குறையும் இல்லாமல் ஓடிய வண்டி. இந்த வண்டிக்கு வியாழக்கிழமை ஆகவில்லை போலிருக்கிறது.

ஜூன் 27, வெள்ளி

ஷாஜியிடம் வண்டியை விட்டேன். கேரளாவிலிருந்து வந்து இருபது வருஷமாக இங்கே இருக்கிறான், இன்னும் பேச்சில் அந்த ராகம் போகவில்லை. வயர், காயில், மூடி எல்லாம் பார்த்தான்.

"எல்லாம் நல்லா உண்டு சேச்சி. ஏத்தத்தில மட்டும் மிஸ்ஸிங்னா கேப் கூடிப் போயிருக்கும். பிளக் கழத்திப் பாக்கட்டா?"

"வேண்டாம். அந்த இடைவெளி அவர் அளந்து வச்சது."

"இல்ல சேச்சி, சும்மா ஒண்ணு பாக்கலாம்."

"முப்பது வருஷம் லாரி ஓட்டினவர் வைக்கிறார். நீ வயரை மட்டும் மாத்து" என்றேன். கொஞ்சம் காரமாகவே சொல்லிவிட்டேன். அவர் செய்கிற ஒரே வேலையை இன்னொருவன் திறந்து பார்த்துச் சரி தப்பு சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. புது வயரோடு வீட்டுக்கு வந்தேன்.

ஜூன் 30, திங்கள்

இன்று அவர் கையிலிருந்து டம்ளர் நழுவி விழுந்தது. விரல் மரத்துப் போகிறதாம், சர்க்கரையினால். கண்ணும் சரியில்லை, பேப்பரைத் தள்ளித் தள்ளிப் பிடித்துப் படிக்கிறார். ஷாஜி சொன்னது ஞாபகம் வந்தது. அந்தக் கையால் எப்படி முப்பது தௌ வைப்பார்? பாவம், அவருக்கே தெரியாமல் கூடிப் போயிருக்கும்.

அவருக்குத் தெரியாமல் நானே சரிபார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். தெரிந்தால் மனசு விட்டுப் போவார்.

ஜூலை 2, புதன்

அவர் குளிக்கப் போனதும் டப்பாவைத் திறந்தேன். முப்பது தகடு முதல் பிளக்கில் எதையும் தொடாமல் உள்ளே போய் வந்தது. நாற்பதும் அப்படியே. ஐம்பதுதான் உரசியது. அடுத்தது, ஐம்பது. மூன்றாவதும் ஐம்பது.

நடுக்கம்தான். வயசும் சர்க்கரையும்.

அவர் செய்கிற மாதிரியே அம்மிக்கல்லில் தட்டித் தட்டி மூன்றையும் முப்பதுக்குக் கொண்டுவந்தேன். ஒன்று இருபத்தெட்டு, ஒன்று முப்பத்திரண்டு. எனக்கு ஒரே அளவு வரவில்லை. பரவாயில்லை என்று மூடி வைத்தேன்.

ஜூலை 3, வியாழன்

வண்டி காவர்கல்லை மூச்சு விடாமல் ஏறியது. அதற்கு முன்பே டீக்கடை வந்தபோது அவர் வழக்கம்போல் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தாண்டிப் போனதும் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

"வண்டி நல்லா இழுக்குதே" என்றார் ஆழியாறு இறங்கியதும்.

"புது வயர்" என்றேன்.

ஜூலை 4, வெள்ளி

மாலை டப்பாவைத் திறந்து அளந்தேன். முப்பது, முப்பது, முப்பது. அவருக்கு இன்று கை நடுங்கவில்லை போலிருக்கிறது.

ஜூலை 7, திங்கள்

முப்பது, மூன்றும். பெங்களூரிலிருந்து மகள் பெனிட்டா போன் செய்தாள். அப்பா எப்படி இருக்கிறார் என்றாள். போய்க்கொண்டு வருகிறோம் என்றேன். "அவர் வேண்டாம்னு சொன்னாலும் கேக்காதம்மா, கூட்டிட்டுப் போ" என்றாள். நான் யார் சொன்னதைத்தான் கேட்டிருக்கிறேன்.

ஜூலை 9, புதன்

மாலையில் பிளக்குகளைத் துடைத்து டப்பாவில் போட்டவர் அடுப்படியை விட்டு நகரவே இல்லை. சாப்பிட்டு முடித்தும் அங்கேயே நாற்காலி போட்டு ரேடியோ கேட்டார். டப்பா அவர் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. நான் பாத்திரம் கழுவினேன். கழுவினதையே இன்னொரு தடவை கழுவினேன். தூங்கப் போகலாமே என்றேன். நீ போ என்றார்.

அளக்காமலே எனக்குத் தெரியும். நடுங்குகிற கை மூன்றையும் ஒரே அளவில் வைக்காது. என்னுடையது நடுங்காத கை, எனக்கே வரவில்லை. நடுக்கம் என்று எழுதின பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

காலையில் பார்த்துக்கொள்கிறேன்.

ஜூலை 11, வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை. நேற்றைக்குச் சேர்த்து இன்று எழுதுகிறேன்.

காலையில் அவர் சட்டை மாற்றிக்கொண்டிருந்தபோது டப்பாவோடு வண்டிக்குப் போய், டார்ச் வெளிச்சத்தில் தகட்டை விட்டுப் பார்த்தேன். ஐம்பது. படிக்கட்டுக் கல்லில் தட்டித் தட்டிச் சரிசெய்வதற்குள் அவர் செருப்புச் சத்தம் கேட்டது. கடைசி பிளக்கை விரலால் சுற்றி விட நேரமில்லை. ஸ்பேனரை மாட்டி நேரே முறுக்கினேன். கொஞ்சம் முரண்டு பிடித்தது, இன்னும் அழுத்தினேன், போய்விட்டது.

ஏறிப் போனோம், இறங்கிப் போனோம், மிஷின் முடிந்தது. மதியம் திரும்பி ஏறும்போது ஒன்பதாவது வளைவில் பானட்டுக்குள் பட்டென்று வெடிச்சத்தம். அதன்பின் டபடபவென்று காற்று அடிக்கிற சத்தம். ஓரமாக, பயணிகள் நின்று அணையைப் பார்க்கும் இடத்தில் நிறுத்தினேன். பானட்டைத் தூக்கினால் மூன்றாவது பிளக் துளையிலிருந்து பிய்த்துக்கொண்டு வயரில் தொங்கியது.

"மரை போச்சு" என்றார், சீட்டை விட்டு எழாமலே.

ஷாஜிக்கு போன் செய்தேன். ஜீப்பை எடுத்துக்கொண்டு வருகிறேன், ஒன்றரை மணி நேரமாவது ஆகும் என்றான். மழை தூறியது. உள்ளே வந்து உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றினேன். கைப்பிடிச் சுவர் மேல் நாலைந்து வரையாடுகள் நனைந்துகொண்டு நின்றன.

"ஸ்பேனரப் போட்டு முறுக்கினியா?"

"அவசரம்."

"என்ன அவசரம்? பிளக்கத் தட்டித் தட்டி அளந்ததுல நேரம் போச்சாக்கும்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியுமா?"

"போன வாரமே தெரியும். காவர்கல் ஏறின அன்னைக்கே. வந்து கழத்திப் பாத்தா ஒண்ணு இருபத்தெட்டு, ஒண்ணு முப்பத்திரண்டு. நான் அப்படியா வைப்பேன்?"

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "நான் வச்சது இருக்கட்டும். நீங்க அம்பது வச்சீங்களே, அது எதுக்கு? சாகணுமா உங்களுக்கு? சாகணும்னா சொல்லுங்க, நானும் சேந்து எதையாவது குடிக்கிறேன். எதுக்கு இந்தத் திருட்டு வேலை?"

"சாகணும்னு நினைச்சா செவ்வாயும் சனியும் எதுக்கு முப்பது வைக்கிறேன்?" என்றார். குரலை உயர்த்தவில்லை. "செவ்வாய் மிஷின். புதன் படுக்க. வியாழன் மிஷின். வெள்ளி படுக்க. சனி மிஷின், ஞாயிறு படுக்க. திங்கக்கிழமை ஒரு நாள்தான் நான் மனுஷன். அந்த ஒரு நாளும் விடியறப்பவே நாளைக்கு மிஷினேன்னு இருக்கு. எனக்கு வியாழக்கிழமை வேணும் செலின்."

"வாயால சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன். அந்தப் பேச்சே வேண்டாம்னுட்ட."

ஆமாம், அப்படித்தான் சொன்னேன். இந்த டைரியிலேயே, நல்ல வேளை என்று வேறு எழுதி வைத்திருக்கிறேன். ஆனாலும் எனக்கு விட மனசில்லை. "வழியில நின்னிருந்தா? அந்தப் பனியில, யானை வந்திருந்தா? நான் தனியா என்ன பண்ணியிருப்பேன்? அத நினைச்சீங்களா?"

அவர் அப்போதுதான் என் பக்கம் திரும்பினார். இதைக் கேட்டதில் அவருக்கு நிஜமாகவே மனவருத்தம்.

"நினைக்காமலா? நாப்பது வச்சா ரொட்டிக்கடை ஏத்தம் ஏறிடும், காவர்கல்லுக்கு மேல போய்ப் பனிக்குள்ள நின்னுடும். அறுபது வச்சா வாசல்லயே கிளம்பாது, நீ ஷாஜியக் கூப்பிட்டுடுவ. அம்பதுன்னா டீக்கடைகிட்டயே தெரிஞ்சுடும். அங்கதான் திருப்ப இடம் இருக்கு, ஆளு இருக்கு. மூணும் ஒரே மாதிரி அம்பது இருந்தாத்தான் அந்த இடத்துல தெரியும். அதுக்குத்தான் அவ்வளவு பாத்து வச்சேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதேன். இந்த மனுஷனோடு என்ன செய்வது. என்னை ஏமாற்றுவதற்கும் என்னைப் பத்திரமாகத் திருப்பி அனுப்புவதற்கும் ஒரே தகட்டை வைத்து அளந்திருக்கிறார். அவர் என் முழங்கையைத் தட்டிக்கொண்டிருந்தார், மரத்துப் போன விரலால். பிறகு களைப்பில் அப்படியே தூங்கிப்போனார்.

ஷாஜி வந்து துளையை டார்ச் அடித்துப் பார்த்தான். "இது ஆரு சேச்சி இப்படி முறுக்கினது?"

"நான்தான்" என்றேன்.

ஜூலை 12, சனி

ஷாஜியின் ஜீப்பில் போய் வந்தோம். அவரை மிஷினில் போட்டதும் டாக்டரம்மாவைப் பார்த்தேன். வாரம் இரண்டாக்கினால் என்ன ஆகும் என்று நேராகவே கேட்டேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"மூணுதான் நல்லது. ரெண்டுன்னா ஒவ்வொரு தடவையும் நேரத்தைக் கூட்டணும். தண்ணி, உப்பு எல்லாம் கண்டிப்பா அளந்துதான். அப்பவும் ரிஸ்க்தான், இதயத்துக்குச் சுமை. எத்தனை நாளுன்னு என்னால சொல்ல முடியாது. குறையத்தான் செய்யும்."

"அவருக்கு வியாழக்கிழமை வேணுமாம்" என்றேன்.

"அவர்தான் முடிவு பண்ணணும்மா. அவரே வந்து என்கிட்ட சொல்லட்டும். ஆனா முழுசாத் தெரிஞ்சுகிட்டுச் சொல்லணும்" என்றார்.

வரும் வழியில் டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் அவரிடம் சொன்னேன். குறையும் என்பதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

ஜூலை 14, திங்கள்

துளைக்குள் புது மரை வைத்துக் கொடுத்துவிட்டான் ஷாஜி. இது பழசைவிட உறுதியாம். சேச்சி இனி விரலால் மட்டும், என்றான்.

மாலை பிளக் வைத்தார். நான் அந்தப் பக்கமே போகவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

போய் வந்தோம். வண்டி நன்றாக இழுத்தது.

ஜூலை 16, புதன்

மாலை பிஸ்கட் டப்பாவையும் ஃபீலர் கேஜையும் எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"நீங்களே வைங்க. நான் அளக்க மாட்டேன். ஆனா ஒண்ணு. போக வேண்டாம்னா அத பிளக்குல சொல்லாதீங்க."

சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தேன். அவர் தகடுகளை விரித்தார், மடக்கினார். பிளக்கை எடுத்துத் துடைத்தார், வைத்தார். இரண்டு வெங்காயம் உரிக்கிற நேரத்தில் நான் நாலு உரித்துவிட்டேன். மாதாவே, முப்பது வைக்கட்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டுதான் இருந்தேன். அதை மறைப்பானேன்.

"நாளைக்கு வேண்டாம் செலின்" என்றார்.

அந்தப் பேச்சே வேண்டாம் என்பது நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன்.

"சரி" என்றேன். "சனிக்கிழமை நீங்களே டாக்டரம்மாகிட்ட சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்."

"சொல்றேன்."

ஜூலை 17, வியாழன்

மழை விட்டிருந்தது. எட்டு மணி வரை தூங்கினார். தண்ணீரை நானே அளந்து பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தேன், இவ்வளவுதான் இன்றைக்கு என்று. ஷெட்டுக்குப் போனார். மதியம் சாப்பாட்டுக்கு வந்து, மறுபடி போனார். மாலையில் கோயிலில் பாட்டுப் பயிற்சி. தபால் நிலையத்து ஜன்னலைத் திறந்தால் கோயில் சத்தம் கேட்கும். கணக்கு முடித்த பிறகும் உட்கார்ந்திருந்தேன். எல்லாக் குரலுக்கும் அடியில் அவர் குரல் இருந்தது. மூச்சு வாங்கி நடுவில் விட்டு விட்டுத்தான் பாடினார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. இரண்டில் எது பெரியது என்று கேட்டால் பயம்தான்.

ஜூலை 18, வெள்ளி

காலையிலேயே கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. அழுத்தினால் குழி விழுந்து மெதுவாக நிரம்புகிறது. நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

மாலை விளக்கடியில் உட்கார்ந்து பிளக் வைத்தார். முதல் பிளக்கைப் பெட்ரோல் துணியால் துடைத்து, தகட்டை விட்டு இழுத்து, காதருகே கொண்டுபோய் உரசுகிற சத்தத்தைக் கேட்டார். கண் சரியில்லாததால் இப்போது காதால் அளக்கிறார். மூன்றையும் வைத்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. டப்பாவில் போட்டார். மூடாமல் என் பக்கம் தள்ளி, முப்பது தகட்டைத் தனியாக விரித்து நீட்டினார்.

"அளந்து பாத்துக்க."

நான் டப்பாவை மூடி அடுப்புப் பக்கத்தில் வைத்தேன்.

"வேண்டாம்" என்றேன். "அஞ்சு மணிக்கு எழுப்பறேன், படுங்க."